கூ கேட்ட ஒரு நாள்

இளமாறனுக்கும் கூ வென்ஹாய்க்கும் ஒரே வயது. அமெரிக்காவில், சன்னிவேலில் ஒரு சிப் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மேசை. மூன்று வருடமாக இளமாறனின் காரில்தான் இருவரும் வேலைக்குப் போய்வந்தார்கள். இளமாறனின் மனைவி கலாவதிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று புருஷன் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க, சாவியைப் பிடுங்கி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனவன் கூதான்.

2001 மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை, கூ எழுதிய டெஸ்ட் புரோகிராமில் இளமாறன் ஒரு பிழையைக் கண்டுபிடித்தான். பழுதான சிப்புகளையும் அது நல்லவை என்று பாஸ் செய்து அனுப்பிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டின்போது கூவிடம் சொன்னான். கூவின் முகம் வெளுத்தது.

"நாளைக்குக் காலையில மேனேஜர்கிட்ட நானே சொல்லிடறேன். ஒரு நாள் கொடு," என்றான் ஆங்கிலத்தில்.

பிறகு டிஷ்யூ பேப்பரில் இரண்டு சீன எழுத்துகளை வரைந்தான்.

"இது அறிவு. அம்பு, பக்கத்துல வாய். இது இணக்கம். நெற்கதிர், பக்கத்துல வாய். எங்கப்பா ரெண்டையும் ஒரே நாள்ல கத்துக்கொடுத்தார். தெரிஞ்சதை மறைக்காதே, ஆனா ஒருத்தன் தலைகுனியாத மாதிரி சொல்லுன்னார்."

"சரி, நாளைக்கு," என்றான் இளமாறன்.

மூன்று மணிக்குத் திடீரென்று மீட்டிங். ஆட்குறைப்பு வரப்போகிறது என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. கஸ்டமரிடமிருந்து புகார் வந்திருக்கிறது, யாருக்காவது காரணம் தெரியுமா என்று கேட்டார் மேனேஜர். கூ தொண்டையைச் செருமினான். அதற்குள் இளமாறன் முந்திக்கொண்டான். பிழையைச் சொன்னான்; எழுதியவன் பெயரையும் சொன்னான்.

கூ எழுந்து நின்றான். "அவர் சொல்றது சரி. தப்பு என்னோடது."

அன்று மாலை அவன் பஸ்ஸில் வீட்டுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை வந்த ஆட்குறைப்புப் பட்டியலில் கூவின் பெயர் இருந்தது. விசா அந்த வேலையை நம்பித்தான் இருந்தது. ஊருக்குத் திரும்புவதைத் தவிர வழியில்லை.

"ஒரு நாள்தானேங்க கேட்டார்? வெயிட் பண்ணியிருக்கக் கூடாதா?" என்றாள் கலாவதி.

"கிரீன் கார்டு இன்னும் வரலையே கலா. என் பேரும் லிஸ்ட்ல வந்துடுமோன்னு பயந்துட்டேன்."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் இளமாறன் கூவின் அபார்ட்மெண்டுக்குப் போனான். வீடெங்கும் அட்டைப்பெட்டிகள். கூவின் மனைவி அறையை விட்டு வரவில்லை. கூ டீ கொடுத்தான். இளமாறன் மன்னிப்புக் கேட்டான்.

"நீ பொய் சொல்லலை. அதனால உன்மேல கோபப்படவும் முடியல. அதுதான் தாங்கல," என்றான் கூ.

"ஏர்போர்ட்டுக்கு நான் டிரைவ் பண்ணட்டுமா?"

"டாக்ஸிக்குச் சொல்லிட்டேன்."

அந்த வருடக் கடைசியில் இளமாறனுக்குக் கிரீன் கார்டு வந்தது. அதே வாரம், கூவின் ஊரான நான்ஜிங்குக்கு அவன் எழுதிய மூன்றாவது கடிதமும் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. தபால் பெட்டியடியில் அதைக் கையில் வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தார் பார்க்கிறார்களே என்றும் எண்ணாமல், இளமாறன் அழுதான்.