அந்த அரை மணி நேரம்

ஆளுக்கு ஐந்து ஸ்டிக்கர் பொட்டு கொடுத்ததும் ஆண்கள் நெளிந்தார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற வேல்முருகன் தன் அட்டையைச் சட்டைப்பைக்குள் ஒளித்தே வைத்துக்கொண்டார். சேலத்து ஆஸ்பத்திரியின் கூட்ட அறைச் சுவரில் இருபத்திரண்டு தாள்கள் தொங்கின. தாளுக்கு ஒரு கேள்வி. அவசர சிகிச்சையில் எதை முதலில் ஆராய்ச்சி செய்வது என்று டாக்டர்கள் மட்டும் முடிவு செய்தால் போதுமா, அங்கே படுத்து எழுந்தவர்களும் அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்களும் சொல்லட்டுமே என்பது டாக்டர் சிவபிரகாஷின் ஏற்பாடு. எந்தக் கேள்வி முக்கியமோ அதில் பொட்டு ஒட்ட வேண்டும்.

ஆட்டையாம்பட்டியில் முறுக்கு சுட்டு விற்கிற கந்தம்மாள் வந்தது பொட்டு ஒட்ட அல்ல. எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த நர்ஸ் அஃபீபாவை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டுப் போகத்தான். ஆனால் பக்கத்திலிருந்த புருஷன் காளிதாஸ் சும்மா இருந்தால்தானே? எழுந்து நின்று தன் கதையை ஆரம்பித்துவிட்டார்.

"மக்காச்சோளக் காட்டுல பாம்பு கடிச்சு அரை மணி நேரத்துல என்ர ஊட்டுக்காரி என்னைய இங்க கொண்டாந்து சேத்துப்போட்டாளுங்க. இல்லீன்னா இன்னிக்கு நான் போட்டோவுலதான் இருப்பேன்."

கை தட்டினார்கள். கந்தம்மாளுக்குக் குப்பென்று வேர்த்தது. இந்த ஆறு மாதத்தில் கல்யாண வீடு, டீக்கடை, பஸ் என்று ஓரிடம் பாக்கியில்லாமல் அவர் சொல்லி முடித்த கதை. முறுக்கு வாங்க வருகிறவர்கள்கூட அவளைக் கெட்டிக்காரி என்றார்கள். அந்தப் பேர் அவளுக்குப் பிடிக்காமலும் இல்லை. ஆனால் அது பொய். அவரை முதலில் மல்லசமுத்திரம் பக்கம் மந்திரிக்கிறவர் வீட்டுக்குக் கொண்டுபோனது அவள்தான். மயக்கத்தில் கிடந்தவருக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? இப்போது வாயைத் திறந்தால் ஊர் தந்த பேர் போகும். இந்த மனுஷன் முகத்தில் விழிக்க முடியுமோ என்னவோ. திறக்காவிட்டால், நாளைக்கு இன்னொருத்தி இதே வாசலில் இதே பொய்யைச் சொல்லுவாள்.

"ஏனுங்க டாக்டர், என்ர கேள்வி ஒண்ணு அதுல இல்லீங்க" என்று எழுந்தாள்.

"சொல்லுங்கம்மா, எழுதிக்கலாம்."

"அது அரை மணி நேரம் இல்லீங்க. ரெண்டரை மணி நேரம்."

காளிதாஸின் தலை திரும்பியது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"மந்திரிக்கிறவரு ஊட்டுக்கு நாந்தானுங்க கூட்டிட்டுப் போனேன். பச்சிலைச் சாற வாயில ஊத்துனாரு, இருந்த கொஞ்ச நெனவும் போயிருச்சு. இங்க வந்தா, எப்ப கடிச்சுதுன்னு அதட்டிக் கேட்டாங்க. திட்டுவாங்கன்னு பயந்து அரை மணி நேரம்னுட்டேன். அப்பறம் இந்த நர்ஸ் அம்முணி என்ர கையப் புடிச்சுட்டு, 'வழியில எங்க நின்னிருந்தாலும் பரவால்லம்மா, யாரும் திட்ட மாட்டோம்'னுச்சு. அப்பத்தானுங்க நெசம் வாயில வந்துச்சு. சொன்னதும், வெஷம் இத்தன நேரமா ஏறியிருக்குதுன்னு எல்லாரும் ஓடுனாங்க பாருங்க… அதுலதான் இவரு பொழச்சாரு." சுவரில் தொங்கிய தாள்களைக் கை காட்டினாள். "பயந்துட்டு வர்றவங்ககிட்ட எப்படிக் கேட்டா நெசத்தச் சொல்லுவாங்க? அதைய ஆராயோணுங்க."

சிவபிரகாஷ் புதுத் தாள் ஒன்றை எடுத்து, அவள் சொன்னபடியே எழுதி இருபத்துமூன்றாவதாக மாட்டினார். அஃபீபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கந்தம்மாள் அவளைப் பார்த்துக் கைகூப்பினாள். வந்த காரியம் ஒருவழியாக முடிந்தது.

காளிதாஸ் எழுந்தார். கடிபட்ட காலைச் சற்று இழுத்தபடி, மனைவியைக் கடந்து சுவருக்குப் போனார். அட்டையிலிருந்து ஒரு பொட்டை உரிக்கவே அவருக்கு நேரமாயிற்று, பழக்கமில்லாத விரல்கள். புதுத் தாளில் அதைக் கோணலாக ஒட்டி அழுத்தினார். வெகுநேரம் அழுத்தினார். அவர் முதுகு மட்டும்தான் கந்தம்மாளுக்குத் தெரிந்தது.

"ஏனுங்க டாக்டர்," என்றார் திரும்பாமலே, "மிச்சம் நாலையும் இதுலயே ஒட்டிக்கலாங்களா?"

பதில் வருவதற்குள் அடுத்த பொட்டு அவர் கட்டைவிரலில் சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.