இடது பாதிக்கு இரண்டு அஸ்தமனம்

நெவாடாவின் வடக்கே ரெட் வெல்ஸ் ஊரில், இரிகராய் வீட்டின் இடது பாதிக்கு மட்டும் சூரியன் தினமும் இரண்டு முறை மறையும். முதல் முறை ஊரோடு சேர்ந்து மலைக்குப் பின்னால் போகும். ஒன்பது நிமிடம் கழித்து, எதையோ மறந்துவிட்டுப் போனவரைப் போல அதே இடத்தில் எழும்பி வந்து, இருபத்திரண்டு நிமிடம் அந்தப் பாதி வீட்டின் மேல் வெயிலடித்துவிட்டு மறுபடி போகும். இது தொடங்கியது ஒரு நவம்பர் புதன்கிழமை. மூன்று நாள் முன்புதான் நாங்கள் எல்லோரும் வழக்கப்படி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தோம். ஆகவே பழியை முதலில் கடிகாரத்தின் மேல்தான் போட்டோம்.

அந்த வீடு ஐரோப்பாவின் பாஸ்க் மலைநாட்டிலிருந்து ஆடு மேய்க்க வந்த ஒருவர் கட்டியது. சாகும்போது அதை நடுவில் பிரித்து, இடது பாதியை மகள் கிராசியானாவுக்கும் வலது பாதியை மகன் பத்தித்தாவுக்கும் எழுதிவைத்தார். மேற்கே தெருவைப் பார்த்த வராந்தா ஒன்றுதான். அதன் நடுவில் இடுப்புயர மரத்தடுப்பு. கிராசியானா பாஸ்க் ஓட்டலின் படுக்கை விரிப்புகளையும் மேசை விரிப்புகளையும் துவைத்துக் கொடுப்பவள். பத்தித்தா ஊருக்குத் தெற்கே உள்ள அனல் மின்நிலையத்தில் கொதிகலன் பார்ப்பவன். ஓய்வூதியத்துக்கு இன்னும் ஆறு வருடம் இருந்தது. அக்கா தம்பி இருவரும் ஒரே பிழைப்பின் இரண்டு முனைகளில் நின்றார்கள் என்று சொல்லலாம். தம்பி மூட்டிய நிலக்கரியின் சாம்பல் தெற்குக் காற்றில் வந்து அக்கா துவைத்த வெள்ளைத் துணியில் உட்காரும். நாற்பது வருடமாக எங்கள் ஊரில் யாரும் வெள்ளைத் துணியை வெளியே காயப்போட்டதில்லை. கிராசியானா வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி, ஈர விரிப்புகளுக்கு நடுவே குனிந்து குனிந்து வாழ்ந்தாள். அதனால் வெளியே வந்தாலும் அவளுக்குக் கொஞ்சம் குனிந்தே நடக்கும் பழக்கம்.

மாநிலத்து மின்சாரத்தில் பாதியாவது சூரியன், காற்று, பூமிச்சூடு இவற்றிலிருந்து வரவேண்டும், சம்மதமா என்று மக்களிடமே கேட்டுவிட ஒரு கூட்டம் கையெழுத்துத் திரட்டியது. எங்கள் ஊருக்கு அந்த வேலையை எடுத்துக்கொண்டவள் கிராசியானா. மளிகைக் கடை வாசலில் அட்டையும் பேனாவுமாக ஐந்து வாரம் நின்றாள். பெரிய நியாயம் எதுவும் பேசவில்லை. கேட்டவர்களிடம், "எனக்கு வெள்ளத் துணிய வெளிய காயப்போடணும், அவ்வளவுதான்" என்றாள். கொதிகலன்காரர்களின் மேஸ்திரி வெண்டல் வண்டியை நிறுத்தி, "அதுக்கு ஒரு டிரையர் வாங்குனா போதாதா? எங்க முன்னூறு பேரு சோத்துல எதுக்குக் கைய வைக்கிறீங்க?" என்று கேட்டார். ஓட்டலில் இரண்டு டிரையர் இருந்ததையும், அவை ஓட நிலக்கரி எரிந்ததையும், எரிந்ததால்தான் டிரையர் தேவைப்பட்டதையும் அவள் விளக்கிச் சொல்ல முயன்றாள். பாதியிலேயே அவர் போய்விட்டார். ஆனால் அவர் கேட்டதில் பாதி நியாயம் என்று அவளுக்குத் தெரியும். அந்த முன்னூறு பேரில் ஒருவன் தடுப்புக்கு அந்தப் பக்கம் தூங்குகிறான்.

அந்த நவம்பர் செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பில், எங்கள் ஊரில் கேள்வி மண்ணைக் கவ்வியது. இல்லை என்றவர்கள் இருநூற்று அறுபத்தெட்டு, ஆம் என்றவர்கள் நாற்பத்தொன்று. மாநிலத்தில் அது வென்றது. அந்த நாற்பத்தொரு பேரும் ஓட்டலின் நீள மேசையில் கூடி ஆட்டுக்கறியும் அவரைக்கொட்டைக் குழம்புமாகக் கொண்டாடினார்கள். வாசலில் நட்ட பிரசாரப் பலகைகளைப் பிடுங்கிக் கணப்பில் போட்டார்கள். அங்கேதான் தவறு செய்தார்கள். எங்கள் மாநிலத்தில் அடிப்படைச் சட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டுமானால் மக்கள் இரண்டு முறை ஆம் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் கழித்து, அதே கேள்வியை, ஒரு சொல் மாறாமல் மறுபடி கேட்பார்கள். பலகைகள் எரிந்து முடிந்த பிறகுதான் தபால் நிலையத்துப் பெண்மணி இதை நினைவுபடுத்தினாள். மறுநாள் சாயங்காலம் சூரியன் திரும்பி வந்தது.

வெயில் தடுப்பு வரைக்கும் வந்து, கோடு கிழித்தாற்போல் நின்றது. அந்தப் பக்கம் பத்தித்தாவின் நாற்காலி இருட்டில் கிடந்தது. இரண்டு வாரம் ஆட்கள் வந்து பார்த்தார்கள், பிறகு பழகிப்போயிற்று. பக்கத்து வீட்டார் ஊறுகாய்ச் சாடிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவளுடைய கோழிகளுக்கு அடைகிற நேரம் குழம்பி, முட்டை ஒழுங்கில்லாமல் விழுந்தது. மின்நிலையத்துக் கேலிப்பேச்சு முழுவதும் பத்தித்தாவின் தலையில் விடிந்தது. "உங்க அக்கா சூரியனுக்கே ஓவர்டைம் போட்டுக் குடுத்துட்டா. நமக்கு எப்போ?" என்று வெண்டல் தினமும் கேட்பார். பத்தித்தா சிரிப்பான். அவனுக்கு வேலை போவதைவிட மின்நிலையத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பெயர் போவதுதான் பயம். மத்தியானச் சாப்பாட்டில் நகர்ந்து இடம் விடாமல் போய்விடுவார்களே என்ற பயம். கூட வேலை செய்கிறவன் முகம் திருப்பிக்கொள்வதற்கு ஓய்வூதியம் கிடையாது.

இரண்டு வருடம் அவன் தினமும் சாயங்காலம் இருட்டுப் பாதியில் உட்கார்ந்து, இரண்டடி தள்ளி விழும் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவும் தம்பியும் அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசியது ஒரே ஒரு முறைதான்.

"ஒரு தடவ கேட்டாச்சு, ஜெயிச்சாச்சு. திரும்ப எதுக்குக்கா கேக்கிறாங்க?"

"அம்மா உன்ன எத்தன தடவ சாப்பிடக் கூப்பிடுவா?"

"மூணு தடவ."

"மொதத் தடவைக்கே வந்திருக்கியா?"

"இல்ல."

"அதான்டா."

அதற்குமேல் அவள் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் அவன் வேண்டுமென்றே மாற்றிப் போட்டிருப்பான், அது அவர்கள் ரத்தம். மற்ற நாற்பது பேரைத்தான் அவள் விரட்டினாள். ஏற்கெனவே சொல்லிவிட்டோமே, மறுபடி எதற்கு என்று பதினேழு பேர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட இருந்தார்கள். இனி வேண்டாம், போதும் என்ற அர்த்தத்தில் இல்லை என்று போட இருந்தவர்கள் மூன்று பேர். வீடு வீடாகப் போய், "அதே கேள்வி, அதே பதில்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டாவது வாக்கெடுப்பில் பத்தித்தா வெண்டலின் வண்டியிலேயே பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனான், வெண்டலுக்கு அடுத்த மறைப்பில் நின்று வாக்களித்தான், அவரோடேயே திரும்பினான். அவன் என்ன போட்டான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, இல்லை என்றுதான் போட்டிருப்பான் என்று நினைத்தோம். ஆம் என்று ஏன் போட்டான் என்பது இன்றும் எங்களுக்குத் தெரியாது. எனக்கு ஓர் எண்ணம் உண்டு. தாழ்ந்து வரும் அந்த வெயிலில் மட்டும் காற்றில் மிதக்கும் சாம்பல் கண்ணுக்குத் தெரியும். இடது பாதியில் அது மினுக்கி மினுக்கித் தடுப்பைத் தாண்டி வலது பாதி இருட்டுக்குள் போவதை அவன் எழுநூறு சாயங்காலம் பார்த்திருக்கிறான்.

கேள்வி மாநிலத்தில் மறுபடி வென்று, சட்டமானது. வாக்கெடுப்புக்கு மறுநாள், புதன்கிழமை சாயங்காலம், சூரியன் ஊரோடு சேர்ந்து போனது. ஒன்பது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தபோது, வெயில் தடுப்பில் நிற்கவில்லை. அதைத் தாண்டி பத்தித்தாவின் நாற்காலி, பூட்ஸ், முழங்கால், முகம் என்று ஏறியது. அவன் எழுந்து உள்ளே போயிருக்கலாம். போகவில்லை, இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது மின்நிலையத்தில் வேலை மாறி, ஆட்கள் அந்தத் தெரு வழியே வீடு திரும்பும் நேரம். தெருக்கோடியில் முதல் வண்டியின் சத்தம் கேட்டது.

கிராசியானா அவனை ஒரு முறை பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது, அழ நேரமில்லை. உள்ளே போய், கொடியிலிருந்த விரிப்புகளை வாரிக்கொண்டு வந்து, நாற்பது வருடமாக வெளியே காயப்போடாத வெள்ளைத் துணியை வலது பாதி வராந்தாவின் முன்னால் முனைக்கு முனை தொங்கவிட்டாள். மின்நிலையத்தை மூட இன்னும் பல வருடம் ஆகும். சாம்பல் அதுபாட்டுக்கு வந்து விரிப்பில் உட்கார்ந்தது. மறுபடி துவைக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

வெயில் பட்ட வெள்ளைத் துணி எப்படி இருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது. நிழலாக இருக்க வேண்டிய அந்தப் பாதி, தெருக்கோடி வரைக்கும் ஜொலித்தது. வண்டிகள் ஒவ்வொன்றாக மெதுவாகி, மெதுவாகி, போயின. வெண்டலின் வண்டி மட்டும் நின்றது. அவர் கண்ணாடியை இறக்கி, விரிப்புகளையும் அவற்றுக்குக் கீழே தெரிந்த பூட்ஸையும் வெகுநேரம் பார்த்தார். கிராசியானா கையில் துணிக்கிளிப்புகளோடு குனியாமல் நின்றாள்.

"துணி காயப்போட்டிருக்கீங்களா?"

"ஆமா."

"வடக்கு ஓரத்துல கொஞ்சம் விலகியிருக்கு, கிராசியானா. உள்ள வெயில் தெரியுது. இழுத்து விடுங்க."

அவள் இழுத்துவிட்டாள். வெண்டல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் பத்தித்தா தட்டோடு வந்தபோது அவர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். இப்போதும் தினமும் முதல் அஸ்தமனம் ஆனதும் அக்கா ஒரு முனையையும் தம்பி மறுமுனையையும் பிடித்து விரிப்புகளைக் கட்டுகிறார்கள், இரண்டாவது அஸ்தமனம் ஆனதும் அவிழ்க்கிறார்கள். தனியாக இருக்கும் ஒருவனுக்கு இத்தனை விரிப்புகள் எதற்கு என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை.