கோணல் மண்டை

கிட்ட வாங்க, கண்ணுங்களா. கால் வலித்தால் நீட்டிக்கொண்டே கேளுங்கள். இரண்டு கோடி வருஷத்துக்கு முன்பு செத்த ஒரு டால்பினின் கதை இது. அதற்கு மண்டையோடு வார்த்த ஷகீலாவின் கதையும்தான்.

கோடம்பாக்கத்தில் முப்பது வருஷம் சினிமா செட்டுக்குப் பிளாஸ்டர் சிலை வார்த்தவள் ஷகீலா. இப்போது மணிக்கட்டு பிடித்துக்கொள்கிறது. இதோடு தொழிலை விட்டுவிடலாம் என்றுதான் அடையாறு கல்லூரிக் கண்காட்சி வேலையை ஒப்புக்கொண்டாள். வெளிநாட்டிலிருந்து இரவல் வந்த ரப்பர் அச்சில் மண்டையோட்டை வார்த்து முடித்தாள். அச்சு நேற்றே திரும்பிப் போய்விட்டது. நாளைக் காலை திறப்பு.

எடுத்துப்போக வந்த பேராசிரியை ஜெயபாரதி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, இது ஏன் நேரா இருக்கு?"

"இன்னா டீச்சர், நேரா இல்லாம? ஒரு பக்கமா இழுத்துக்கினு வந்துச்சு. அச்சு எடுக்கும்போது எவனோ அசைச்சுட்டான். பள்ளத்துல பிளாஸ்டர் பட்டி பூசி சரி பண்ணிட்டேன். கோண மூஞ்சி சிலையக் குடுத்தா டைரக்டர் சும்மா வுடுவாரா?"

"டால்பினுக்கு மண்டையே கோணல்தான்க்கா. தண்ணிக்குள்ள சத்தம் வுட்டு வழி தேடுற ஜீவன். அதுக்கு ஏத்த மாதிரி எலும்பு இடது பக்கம் ஒதுங்கியிருக்கும்." அவள் குரல் இறங்கியது. "பூசறதுக்கு முன்னாடி கோணலை வெட்டிட்டீங்களா?"

"வெட்டுறதா! காலைல சிலைக்கு மீசை வேணும்பாங்க, மத்தியானம் வேணாம்பாங்க. நாங்க பூசத்தான் செய்வோம். அடியில சோப்புத் தண்ணி தடவிட்டுப் பூசுனா, நெம்புனா தனி ஏடா பேந்து வந்துடும்."

சொல்லிவிட்டு ஷகீலா பட்டியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். இந்த முறை சோப்பு தடவினோமா? அன்றைக்கு இருந்த அசதியில் சாப்பிட்டதுகூட நினைவில்லை. தடவாமல் விட்டிருந்தால் பட்டியோடு எலும்பும் பெயர்ந்துவிடும். இன்னொன்று வார்க்க அச்சும் இல்லை.

"நீங்க கெட்டியா புடிச்சுக்குங்க டீச்சர். எனக்கு மணிக்கட்டு புடிச்சுக்குது."

தகட்டுக் கத்தியைப் பட்டியின் ஓரத்தில் செருகினாள். அசையவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு இன்னொரு ஓரத்தில் நெம்பினாள். மணிக்கட்டு சுரீரென்றது.

'சளக்.'

தோசை திரும்புவது போலப் பட்டி முழுசாக எழும்பியது. கீழே வழவழவென்று, இடது பக்கம் ஒதுங்கி, பழைய கோணல் அப்படியே இருந்தது.

ஜெயபாரதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷகீலா ஸ்டூலில் உட்கார்ந்து மணிக்கட்டை நீவிவிட்டுக்கொண்டாள்.

"மவராசி, அப்படியே பொறந்திருக்கே. நான்தான் வேலை மெனக்கெட்டு நிமித்தினேன். ஒரு டீ சொல்லுங்க டீச்சர், எனக்கு எழுந்திருக்க முடியல."

அவ்வளவுதான், கண்ணுங்களா. உங்கள் வீட்டில் அடுப்பு அணையாதிருக்கட்டும். கோணலாய்ப் பிறந்ததை யாரும் அங்கே நிமிர்த்தாதிருக்கட்டும். உழைத்த கைகளுக்கு நல்ல தூக்கம் வரட்டும்.