இருவர் அனுப்பிய கைந்நூல்

றிஸானா மடிக்கணினியை ஜன்னலோரம் வைத்தாள். வெளிச்சம் கண்ணில் அடித்தது. அலுமாரிப் பக்கம் கொண்டுபோனாள். அங்கே சிக்னல் இல்லை.

"ஒரு எடத்துல இரியேன் மகள்," என்று குசினியிலிருந்து உம்மா சத்தம் போட்டார்.

இருக்கத்தான் முடியவில்லை. நேர்முகம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அலவத்துகொடயிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்துக்கு வேலைக்குப் போகிறவள் அவள். கிளினிக்குகளுக்கு அவர்கள் செய்து கொடுக்கும் மென்பொருளை எப்படிப் பாவிப்பது என்று கைந்நூல் எழுதுவது வேலை. எழுதுகிறவர்கள் இரண்டே பேர்: இவளும், குண்டசாலையிலிருந்து வரும் சத்தியபாமாவும். இப்போது பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் பெரிய கம்பனி ஒன்று அதே வேலைக்கு ஆள் தேடியது. ஒரே ஓர் இடம். மாமி மகளுக்குக் கல்யாணம் என்று ஒபிசில் பொய் சொல்லி லீவு எடுத்திருந்தாள். சத்தியபாமாவிடமும் அதையே சொன்னாள்.

திரையில் ஒரு பெண்மணியும் ஓர் இளைஞரும் தெரிந்தார்கள். மாதிரிக்கு அவள் அனுப்பியிருந்த கைந்நூலைத் திறந்து வைத்துக்கொண்டு பெண்மணி ஆங்கிலத்தில் கேட்டார்:

"ஒரே நோயாளியை இரண்டு தடவை பதிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பக்கம் நல்ல தெளிவு. இந்த நூலில் நீங்கள் எழுதியது எவ்வளவு?"

அந்தப் பக்கம் அவளுடையதுதான். அக்குறணைக் கிளினிக் ஒன்றில் பதிவு மேசைப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருந்து எழுதியது. ஆனால் அவள் எழுதியபோது அது நாலு பக்கம். வெட்டிக் குறைத்து ஒன்றாக்கியது சத்தியபாமா. நூலின் கட்டுக்கோப்பும் சத்தியபாமாவுடையது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"முழுக்க நான்தான்," என்று வந்தது.

இளைஞர் பெண்மணியின் பக்கம் திரும்பினார். "இதை இந்தக் கிழமை ஏற்கெனவே பார்த்தோம், இல்லையா?"

பெண்மணி அவசரமாக அடுத்த கேள்விக்குத் தாவினார்.

முந்தாநாள் பல் டொக்டரிடம் போகவேண்டும் என்று சத்தியபாமா லீவு எடுத்தது றிஸானாவுக்கு நினைவு வந்தது. அதற்குப் பிறகு கேட்டதற்கெல்லாம் என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில், ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்றுகூடக் கேட்டார்கள். இல்லை என்றாள்.

மறுநாள் ஒபிசில் சத்தியபாமா எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"கலியாணம் எப்பிடி?"

"நல்லம் அக்கா. ஒங்கட பல்லு?"

"பரவாயில்லை."

இருவரும் திரையைப் பார்த்தார்கள். றிஸானா ஒரு வரி அடித்தாள், அழித்தாள். எழுந்து தண்ணீர் குடித்தாள். திரும்பவும் எழுந்தாள். பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தாங்க முடியாமல் போய்விட்டது.

"அக்கா, நானும் அந்தக் கம்பனிக்கு விண்ணப்பம் போட்டேன். நேத்து நேர்முகம். கைந்நூல் முழுக்க நான்தான் எழுதினதுன்டு செல்லிட்டேன்."

சத்தியபாமா சோற்றுப் பெட்டியை மூடினாள். "நானும் அதைத்தான் சொன்னனான்."

முதலில் நெஞ்சு இலேசானது. அடுத்த நொடியே சுரீரென்றது.

"அந்தக் கிளினிக் பக்கத்தையுமா?"

"ஓம்."

"அது என்ட பக்கம்!"

"நீர் எழுதினது நாலு பக்கம், றிஸானா. ஒருத்தரும் வாசிச்சிருக்க மாட்டினம்."

பின்னேரத் தேநீர் வந்தது. பிறகு சத்தியபாமா கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"அவையளுக்கு உண்மையை எழுதுவமா?"

றிஸானா நீளமாக விளக்கம் எழுதினாள். சத்தியபாமா பாதிக்கு மேல் அழித்தாள். "மன்னிக்கவும்" எங்கே வருவது என்று சண்டை பிடித்தார்கள். எந்தப் பக்கம் யாருடையது, யார் திருத்தியது என்று இரு பெயரையும் போட்டு அனுப்பினார்கள்.

"போச்சு. ரெண்டு பேருக்கும் இல்ல," என்றாள் றிஸானா.

அப்படி நடக்கவில்லை. அடுத்த கிழமை சத்தியபாமாவுக்கு இரண்டாம் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. றிஸானாவுக்கு வருத்தம் தெரிவித்து இரண்டு வரி. காரணம் இல்லை. அவள் சத்தியபாமாவின் கையைப் பிடித்து வாழ்த்தினாள், குரலும் ஒழுங்காக வந்தது. பிறகு கீழே இறங்கி, வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டுப் பாலம் வரைக்கும் நடந்தாள். மகாவலி கலங்கலாக ஓடியது. பொய் இருவருக்கும் ஒன்று, கடிதமும் ஒன்று. பிறகு எதில் நான் குறைந்துபோனேன்?

சத்தியபாமா தேர்வாகிப் போய்ச் சில மாதங்களுக்குப் பிறகு அழைத்தாள்.

"இஞ்ச எல்லாத்தையும் விரிச்சு எழுதச் சொல்லுகினம். எனக்கு வெட்டத்தானே தெரியும். எப்பிடித் தொடங்கிறதெண்டு ஒருக்காச் சொல்லுமன்."

றிஸானா போனைக் காதில் வைத்தபடி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். பழைய கோபம் எட்டிப் பார்த்தது, சிரிப்பும் வந்தது.

"இன்டைக்கு ஏலா அக்கா," என்றாள். "நாளைக்கு எனக்கு ஒரு நேர்முகம் ஈக்குது. முடிஞ்சதும் கோல் எடுக்குறேன்."