இரண்டாம் பாகத்துக்கு எட்டு பேர்

உதய்க்கு எல்லாத் திறமையும் இருந்தது, வாய்க்குப் பூட்டுதான் இல்லை. அவனும் சிநேகிதன் ரிச்சர்டும் கோலார் தங்க வயல் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அறை பிடித்து, இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு, தங்கச் சுரங்கத்தில் இறங்கி ஏறுகிற வீடியோ கேம் ஒன்று செய்தார்கள். பெங்களூர் கம்பெனி ஒன்று அதை சி.டி.யாகப் போட்டுக் கடை கடையாக விற்றது. நன்றாகவே விற்றது. 'இரண்டாம் பாகம் செய்து தருகிறீர்களா? உங்களிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?' என்று கம்பெனி கடிதம் போட்டது. இரண்டு பேர் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? எட்டு பேர் என்று எழுதினான் புண்ணியவான்.

இரண்டாயிரமாவது வருஷம் நவம்பரில் பதில் வந்தது. எட்டு பேரையும் நேரில் பார்த்த பிறகுதான் ஒப்பந்தமாம். ரஷ்மி என்கிற அதிகாரி வியாழக்கிழமை வருகிறாராம். முதல் ஒப்பந்தத்திலேயே விளையாட்டின் பெயரையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். இவர்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டால் அதே விளையாட்டைத் தூக்கிக்கொண்டு வேறு வாசல் ஏற முடியாது. இது போனால் எல்லாம் போச்சு.

"இன்னாடா இப்டி எழுதி வெச்சுக்கிற? மிச்சம் ஆறு பேருக்கு எங்கடா போறது?" ரிச்சர்ட் தலையில் அடித்துக்கொண்டான்.

தங்க வயலில் அப்போது ஆளுக்கா பஞ்சம்? சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று பேச்சாக இருந்தது. ஷிப்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்புகிற ஆண்கள் வாசலுக்கு வாசல் உட்கார்ந்திருந்தார்கள். உதய் தன் தெருவிலேயே ஆறு பேரைப் பிடித்தான். மூடிப்போன கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து நாலு மானிட்டர் இரவல் வாங்கினான். வியாழக்கிழமை காலையில் ஆறு பேரும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார்கள். அதில் ஒருவர் அடுத்த வீட்டுப் பெருமாள். இருபத்தெட்டு வருஷமாக டிம்பர்மேன், பூமிக்கடியில் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக்கொடுக்கிறவர். உதய் நடக்கப் பழகிய நாளிலிருந்து அவரை மாமா என்றுதான் கூப்பிடுவான்.

"நான் இன்னா பண்ணணும் நைனா?"

"ஒண்ணும் பண்ண வேணாம் மாமா. பென்சில வெச்சிக்கினு எதுனா கிறுக்கிக்கினே இருங்க. பேச மட்டும் வேணாம்."

மற்ற ஐந்து பேரும் மவுசை அப்படியும் இப்படியும் நகர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெருமாளுக்குக் கிறுக்க வரவில்லை. உட்காரச் சொன்ன இடத்தில் வேலை செய்துதான் அந்த மனுஷனுக்குப் பழக்கம். குனிந்த தலை நிமிராமல் தன் சுரங்கத்தை வரைந்தார். எங்கே தண்ணீர் சொட்டும், எங்கே நாலு காலில் தவழ வேண்டும், எந்த முட்டு எத்தனை நாள் தாங்கும் என்று எல்லாம் தாளில் வந்தது.

பதினொரு மணிக்கு வந்த ரஷ்மி அறையைச் சுற்றி வந்து பெருமாளின் மேஜையருகே நின்றார். தாளைக் கையில் எடுத்தார். ஓரத்தில் தமிழில் ஒரு குறிப்பு இருந்தது, ரிச்சர்ட் அதை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னான். பாறை விழுவதற்கு முன்னால் மரம் முனகும், அதைக் கேட்டவன் பிழைப்பான்.

"மை காட்! இதுதான் இரண்டாம் பாகமே. சத்தத்தைக் கேட்டு ஓட வேண்டிய விளையாட்டு! யார் செய்தது இது? இவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பெருமாள் வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும் என்று உதய் பயந்தான். பயம் மட்டுமா? அந்தம்மாவின் கண்ணில் தெரிந்த மரியாதை தனக்கு வரக்கூடாதா என்கிற ஆசையும்தான். படுபாவி, அதே ஆங்கிலத்தில் சொன்னான்: "நான் வரைந்தது, மேடம். இவர் இங்கே டீ போடுகிறவர். சும்மா எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் எட்டாவது ஆள் இன்றைக்கு லீவு."

பெருமாள் பென்சிலை வைத்தார். எழுந்தார். படியிறங்கிப் போனார். போனவர் அப்படியே வீட்டுக்குப் போயிருந்தால்கூட உதய் பிழைத்திருப்பான். ஐந்து நிமிஷத்தில் தெருமுனைக் கடையிலிருந்து இரண்டு கிளாஸ் டீயோடு திரும்பி வந்தார். ரஷ்மியின் முன்னால் ஒன்றை வைத்தார்.

"இஸ் தி சுகர் ஆல்ரைட், மேடம்?" என்றார்.

"பெர்ஃபெக்ட், தேங்க் யூ" என்றார் ரஷ்மி.

இரண்டாவது கிளாஸை உதயின் முன்னால் வைத்தார். உதய்க்குக் காதெல்லாம் எரிந்தது. இருபத்தெட்டு வருஷம் இங்கிலீஷில் துரைத்தனம் பேசின மேலதிகாரிகளிடம் வேலை பார்த்த மனுஷனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று, அதே ஊரில் பிறந்த இவன் எப்படி நினைத்தான்? காலேஜ் படித்த திமிர், வேறென்ன.

ரஷ்மி அந்தத் தாளை எடுத்துக்கொண்டார். இதே மாதிரி இன்னும் பத்துத் தாள் பதினைந்து நாளுக்குள் அனுப்பினால் ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று சொல்லிவிட்டுப் போனார்.

உதய் பத்து நாள் வரைந்து வரைந்து கிழித்தான். "சுரங்கம் மாதிரியா கீது? பார்க் மாதிரி கீது" என்றான் ரிச்சர்ட். பெருமாளைத் தவிர வழியில்லை. ஆனால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? அடுத்த வீடு என்பதால் பொழுது விடிவதற்குள் கிளம்பி, விளக்கு வைத்த பிறகு பின்பக்கமாக வீட்டுக்குள் நுழைந்தான். பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், என்ன ஆனாலும் காலில் விழுந்துவிடலாம் என்று துணிந்து போனான்.

பெருமாளின் மனைவி யசோதாதான் கதவைத் திறந்தாள்.

"வா உதய், வா. இன்னா கண்ணு ஆளையே காணோம்? உங்க மாமா வரைஞ்சத பாத்து பெங்களூர் மேடம் அசந்து போய்ட்டாங்களாமே! தெருவுல ஒருத்தர் பாக்கியில்ல, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மைன்ஸ் மூடினாலும் என் வூட்டுக்காரருக்கு ஆபீஸ் வேலைன்னு."

இப்போது மன்னிப்புக் கேட்டால் இவள் முன்னால் பெருமாளை இன்னொரு தடவை டீக்காரர் ஆக்க வேண்டும். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த பெருமாள் அவனை நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தார்.

"ஆமா அத்தை" என்றான் உதய். "அசந்துட்டாங்க."

பெருமாள் தலையணைக்கடியிலிருந்து ஒரு சுருளை எடுத்துக் கொடுத்தார். பத்துத் தாள்கள். வாசல்வரை கூட வந்தவர் குரலைத் தணித்துச் சொன்னார்: "டீ போடுறவன்னு சொன்ன பாரு, அதுக்கு எனக்கு கோவம் இல்ல. பயந்துக்கினு சொல்லிட்ட. எனக்குப் புரியாதுன்னு நெனச்சிக்கினு சொன்ன பாரு, அதான் நைனா தாங்கல."

உதய் நேராக மாடி அறைக்குப் போய் ஒவ்வொரு தாளிலும் பெருமாள் என்று பெயர் எழுதினான். எட்டு பேர் இல்லை, இரண்டு பேர்தான், படம் எல்லாம் டீ கொண்டுவந்தவர் வரைந்தது என்று நடந்ததை முழுக்க எழுதித் தாள்களோடு அனுப்பினான். கம்பெனி தாள்களைத் திருப்பி அனுப்பியது. உங்களை நம்பி இனி எதுவும் செய்வதற்கில்லை என்று இரண்டே வரி எழுதியிருந்தது. முதலில் அனுப்பியிருக்க வேண்டிய கடிதத்தைக் கடைசியில் அனுப்பினால் வேறென்ன பதில் வரும்?

அந்தப் பதில் வந்த அன்று சாயங்காலமே பெருமாளிடம் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டார். சரி என்றார், அவ்வளவுதான்.

மறுவருஷம் சுரங்கத்தை மூடினார்கள். பெருமாளுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் உதயைப் பார்த்த யசோதா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, நாலு பெண்கள் நடுவில் கேட்டாள்: "ஏன் கண்ணு, உங்க ரெண்டாம் பாகம் எப்ப வருது? மாமாவை எப்ப கூப்டப் போறாங்க?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் உதய் வாயைத் திறந்தான்.

"அட, பெரிய கம்பெனி, நேரம் ஆவும்டி" என்று பின்னாலிருந்து பெருமாளின் குரல் வந்தது. "புள்ளைய தொந்தரவு பண்ணாத. அவன் எனக்கு சொல்லிக்கினுதான் இருக்குறான்."