மாப்பிள்ளைக் காருக்கு ஊற்றிய எண்ணெய்

வடிவேலுவின் காரில் கிளச் மிதி கிடையாது. இதை அவன் சொல்லிக் கேட்காத ஆள் சிராங்கூன் ரோட்டில் ஒருவரும் இல்லை. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் விற்றுவிட்டுப் போன வண்டி அது. ஓட ஓட கியர் தானாக மாறிக்கொள்ளும். துறைமுகத்துக் குமாஸ்தாவுக்கு இப்படி ஒரு வண்டி கொஞ்சம் அதிகம்தான். அது அவனுக்கும் தெரியும். அதனால்தான் அத்தனை பேச்சு.

மனைவி கமலாவின் தம்பி மருதப்பனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "மாப்பிள்ளை அழைப்புக்கு என் கார்தான்" என்று முந்திக்கொண்டு வாக்குக் கொடுத்துவிட்டான். பெண்ணின் அப்பா துரைசாமி நாலைந்து லாரி ஓட்டுகிறவர். அவர் கண்ணில் தன் வண்டி பட வேண்டும் என்று இவனுக்கு ஆசை.

கல்யாணத்துக்கு முந்திய வாரம் கியர் பெட்டிக்கு எண்ணெய் மாற்ற வேண்டியிருந்தது. டெஸ்கர் ரோட்டில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நெய்னா முகம்மதுவிடம் போனான். நெய்னாவுக்கு வாய் பெரிது. "நம்ம கடையில டூப்ளிகேட்டே கிடையாது" என்பதை சலாம் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுவார். அன்றைக்கும் சொன்னார். பிறகு, கார்க் கம்பெனியின் முத்திரை போட்ட டின் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதத்தான் ஊத்தணும், மச்சான்."

"வேற ஒண்ணும் இல்லையா? வெலை இப்படிச் சொல்றீங்களே."

"வேற கம்பெனி எண்ணெயும் இருக்கு. நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு. சாதா வண்டின்னா நானே எடுத்துக் குடுத்துருவேன். உன் வண்டியில கிளச் வேலையெல்லாம் இந்த எண்ணெய்தான் செய்யுது. இதுல வெளையாடாத."

விலை உயர்ந்ததை விற்பதற்காகக் கடைக்காரர் எல்லோரும் இப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்று வடிவேலு நினைத்துக்கொண்டான். கிளச் வேலையை எண்ணெய்தான் செய்கிறது என்பது அவன் மண்டையில் ஏறவில்லை. "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு நேரே சுங்கை ரோட்டுச் சந்தைக்குப் போனான். அங்கே ஒருவன் பேர் தெரியாத பீப்பாயிலிருந்து பிடித்துக் கொடுத்தான். நிறம் என்னவோ அதே சிவப்புதான்.

பழைய நெய் டின்னில் அதைக் கொண்டுவந்தபோது கமலா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். நெய்னாவை அவள் அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் சொல்வாள்.

"நெய்னா நானா கடையில வாங்கலையா?"

"எல்லாம் ஒண்ணுதான்லா. டின்னுக்கு வெல வைக்கிறான் அந்தாளு."

மாப்பிள்ளை அழைப்பு அன்று மாலை பெருமாள் கோயில் வாசலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் நாதசுரம், தவில். பின்னால் பூச்சரம் தொங்கும் காரில் மருதப்பன் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தான். வடிவேலு ஓட்டினான். நாதசுரக்காரர் நல்ல வாசிப்பாளி. அதுதான் வினையாகப் போயிற்று. ஒவ்வொரு முச்சந்தியிலும் நின்று ராகத்தை இழுத்தார். கியரில் கிடந்த வண்டியை வடிவேலு பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆட்கள் நடக்கும் வேகத்தில் கார் ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. தீய்ந்த வாடை வந்தது. ஊதுவத்தி என்று நினைத்துக்கொண்டான்.

மண்டபம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மேளம் நகர்ந்தது, கார் நகரவில்லை. இஞ்சின் மட்டும் கத்தியது. பதறிப்போய்க் கியரை மாற்றிப் பார்த்தான். ரிவர்ஸ் விழுந்தது. மாப்பிள்ளையோடு கார் பின்னால் போகத் தொடங்கியதும் சீர்த்தட்டு ஏந்தி வந்த பெண்கள் அலறிக்கொண்டு சிதறினார்கள்.

எதிர்கொண்டு அழைக்க வந்த துரைசாமிக்கு முகம் கறுத்துவிட்டது. மாப்பிள்ளை நடுவழியில் இறங்குவது அவர்கள் வழக்கத்தில் இல்லை. மாப்பிள்ளை பின்னால் போவதோ யார் வழக்கத்திலும் இல்லை. அவர் குனிந்து வாடையை மோந்தார். லாரிக்காரர் மூக்கு.

"கியர் பொட்டிக்கு என்ன எண்ணெய் ஊத்துனீங்க, தம்பி?"

தெரு முழுக்கத் தன்னையே பார்ப்பதாக வடிவேலுவுக்குத் தோன்றியது. வெட்கத்தில் காது கொதித்தது. வாயில் முதலில் வந்த பெயரைச் சொன்னான்.

"நெய்னா கடையில வாங்குனதுங்க."

சொன்ன பிறகுதான் பார்த்தான். பட்டுச் சட்டையும் தொப்பியுமாக நெய்னா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பத்திரிகை வைத்து அழைத்ததே வடிவேலுதான்.

எல்லோரும் நெய்னாவைத் திரும்பிப் பார்த்தார்கள். நெய்னா வடிவேலுவைப் பார்த்தார். பிறகு, தட்டோடு ஓரமாக ஒதுங்கி நின்ற கமலாவைப் பார்த்தார்.

"ஆமாங்க, நம்ம கடை எண்ணெய்தான். என் தப்பு" என்றார். "மாப்பிள்ளைக்கு நேரமாவுது. ஆளுக்கொரு கை குடுங்க, தள்ளிருவோம்."

யாராவது ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டுமே. வடிவேலு உட்கார்ந்தபடியே இருந்தான். கண்ணாடியில் நெய்னா தெரிந்தார். பட்டுச் சட்டை முதுகோடு ஒட்ட, மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்தார். இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது வடிவேலுவுக்கு. மண்டப வாசலில் ஆரத்தி எடுக்கும்வரை அவன் தலை நிமிரவில்லை.

பந்தியில் துரைசாமி விடவில்லை. "டூப்ளிகேட்டே கிடையாதுன்னு பீத்திக்குவாரு. இனிமே என் லாரிக்கு அந்தக் கடையில ஒரு ஆணி வாங்க மாட்டேன். நீங்களும் பார்த்து நடந்துக்குங்க" என்று இலைக்கு இலை சொல்லிக்கொண்டு போனார். எதிர்வரிசையில் நெய்னா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கை கழுவும் இடத்தில் வடிவேலு அவரைப் பிடித்தான். "ஏன் நானா அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? தங்கச்சி மூஞ்சியப் பார்த்தேன். அதான்." துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு அவர் வெளியே நடந்தார். வழியனுப்ப யாரும் எழுந்து போகவில்லை.

வடிவேலு திரும்பி வந்து பந்திக்கு நடுவில் நின்றான்.

"மாமா, அது அவர் கடை எண்ணெய் இல்ல. நான்தான் சுங்கை ரோட்டுல மட்ட எண்ணெய் வாங்கி ஊத்துனேன். அவர் நல்லதத்தான் சொன்னாரு. நான் பொய் சொல்லிட்டேன்."

துரைசாமியின் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார்.

"பார்த்தீங்களா? அந்தாளுதான் ஒத்துக்கிட்டாரே. கூட்டாளியக் காப்பாத்த நம்ம தம்பி பழியத் தன் தலையில போட்டுக்குறாரு. இந்த மனசு யாருக்கு வரும்!"

"இல்ல மாமா, நெசமாவே..."

"போதும் தம்பி, போதும். உங்க குணம் தெரிஞ்சுபோச்சு. யாருப்பா அங்க, தம்பிக்கு இன்னொரு லட்டு வை!"

பெரியவர்கள் தலையாட்டினார்கள். மருதப்பன் தன் அக்கா புருஷனைப் பெருமையாகப் பார்த்தான். அத்தனை பேரில் வடிவேலு சொன்னது உண்மை என்று அறிந்தவள் கமலா ஒருத்திதான். அவள் அவன் பக்கமே திரும்பாமல், கீழே கிடந்த எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.