நுரை அடங்காத சிவப்பு

இதனால் லிங்கன் நகரத்தார் அனைவருக்கும் அறிவிப்பது: ஆயரின் கையில் ஏறப்போகும் புதிய ஜெபநூலில் மனித உடம்பிலோ மிருக உடம்பிலோ பிறந்த அசுத்தம் ஒரு துளியும் கலக்கக் கூடாது.

மணியடித்து ஓதப்பட்ட மடத்துத் தலைவர் ராணுல்ஃபின் கட்டளை இது. நூல் கன்றுக்குட்டித் தோல், எழுதியது வாத்து இறகு, வண்ணத்துக்குப் பசை முட்டையின் வெள்ளைக்கரு. இவையெல்லாம் எந்த உடம்பில் பிறந்தவை என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

நூலுக்கு வண்ணம் தீட்டும் ஹாவிஸ் கேட்கும் நிலையிலும் இல்லை. முதல் பக்கத்துப் பெரிய எழுத்துக்குச் சிவப்பு பூசுவது மட்டும் பாக்கி. ஆயர் வந்துகொண்டிருக்கிறார். எழுத்து கெட்டால், மடத்துக்குச் சொந்தமான இந்தப் பட்டறையைக் காலி செய்ய வேண்டியதுதான். தலைவர் அதைச் சொல்லிவிட்டு, எதிரே முக்காலி போட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்ணம் குழைக்கும் சிப்பியில் சாதிலிங்கச் சிவப்பு நுரைத்துக்கொண்டே இருந்தது. அப்படியே பூசினால் எழுத்து முழுக்க அம்மைத் தழும்புதான். நுரையை அடக்க, தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த மருந்து ஒன்றுதான்: காதுக் குறும்பி, கடுகளவு. அவள் காதைக் காலையிலேயே சுரண்டித் தீர்த்தாயிற்று.

"ஏங்க, உங்க காதுல ஏதாச்சும் இருக்கா?" என்று புருஷன் ஆஸ்பெர்னிடம் கிசுகிசுத்தாள்.

"நேத்தே வழிச்சு எடுத்துட்டியே. இப்ப நீ திட்டுறதெல்லாம் சுத்தமாக் கேக்குது."

"அங்க என்ன குசுகுசுப்பு?" என்றார் தலைவர்.

"நுரை அடங்கணும்னு ஜெபம் பண்றோம் சாமி."

"வெறும் செவப்புன்னு நெனச்சிடாதம்மா. வேதசாட்சிகளோட ரத்தம் அது!" சொல்லிக்கொண்டே தலைவர் சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டுத் திருகினார். ஆழ்ந்து யோசிக்கும்போது அவர் வழக்கம் அது.

தெருக்கோடியில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது.

"வெரலு நோகும் சாமி. இந்தாங்க, காது குடையுற எலும்புக் கரண்டி" என்று நீட்டினாள் ஹாவிஸ்.

தலைவர் கண்ணை மூடி, சுகமாகக் குடைந்து, பார்க்காமலே நீட்டினார். "தொடைச்சு வை."

ஹாவிஸ் சிப்பிக்குள் துடைத்தாள். நுரை அமர்ந்தது.

"ஏய்! அதுக்குள்ள என்ன விட்ட?"

ஹாவிஸ் தூரிகையைச் சிப்பிக்குள் விட்டுச் சுழற்றினாள். "கலக்கினேன் சாமி."

"சுத்தமானதுதானே?"

"நீங்க தொட்டது சாமி."

"அப்ப சரி."

குதிரைகள் வாசலில் நிற்கும்போது கடைசிக் கோடு காய்ந்துவிட்டது. ஆயர் பக்கத்தைப் பார்த்தார், மெய்மறந்தார், குனிந்து அந்தச் சிவப்பு எழுத்தை முத்தமிட்டார். பட்டறை ஹாவிஸிடமே இருக்கட்டும் என்றார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "இதுல அடியேனுக்கும் பங்கு உண்டு, ஆண்டகையே."

கடுகளவு இருந்தது.